கடிச்சிக்க ஒண்ணும் வேணாம்

“பல்லு கட்டிக்கினா, பொண்ணும் டீச்சர் ஆயிட்டா. இனிமே எங்க கருவாட்டு நாத்தம் உங்கம்மாவுக்கு ஆவுமா? நீ அவ்ளோ படிச்சவதான, அவள எங்ககூட குந்த வெச்சி ஒரு வாய் துன்ன வை பாக்கலாம்.”

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா என்னிடம் இப்படிச் சொன்னாள். சொந்தப் பெரியம்மா அல்ல. எங்கள் ஊரில் களை வெட்டப் போகும் பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. நாளைக்கு யார் கொல்லையில், அதாவது யார் நிலத்தில் வேலை, யார் யார் வர வேண்டும் என்று முதல்நாள் பொழுது சாயும்போதே வாசல் வாசலாக வந்து சொல்லிவிட்டுப் போவாள். அம்மாவைவிட மூத்தவள் என்பதால் எனக்குப் பெரியம்மா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மனசுக்குள் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள், எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் கொட்டிவிடுவாள்.

“வெக்கறேன் பெரிம்மா,” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். எப்படி வைக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். எதை எழுத உட்கார்ந்தாலும் இந்த ஒரு வரி எப்படியாவது உள்ளே வந்துவிடுகிறது. வரட்டும். அம்மா ஒன்றாம் வகுப்புக்குச் சில மாதம் மத்தியானச் சோற்றுக்காகப் போனதோடு சரி. நான் இப்போது வெள்ளிமலையில், பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியை. வாரக் கடைசியில் மலைப் பேருந்து பிடித்து ஊருக்கு இறங்கி வருவேன். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கும் சங்கராபுரத்துக்கும் நடுவில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா நான் படித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மா மட்டும்தான்.

அம்மாவின் பற்கள் சீக்கிரமே ஆட ஆரம்பித்துவிட்டன. சிலது தானாக விழுந்தது, சிலதைப் பிடுங்க வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்ததும் என் முதல் சம்பளத்தில் அவளைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் மேலும் கீழும் பல் செட் கட்டினேன். அம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, “எங் கல்யாணத்துல கூட நான் இப்படி இல்லடி,” என்றாள். அன்றைக்கு அந்தப் பல்லோடு தெருவில் நடந்து வந்தபோது எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டாள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்கள் பக்கத்துக் கொல்லையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பொழுது நன்றாக ஏறியதும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு, நிழலாகப் பார்த்து வரப்பில் வரிசையாக உட்காருவார்கள். எல்லார் தூக்குச் சட்டியிலும் பெரும்பாலும் நொய் போட்ட ஒரே கேழ்வரகுக் கூழ்தான் இருக்கும். அதனால் கூழை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. கடித்துக்கொள்ள ஒவ்வொருத்தியும் என்ன கொண்டுவந்திருக்கிறாளோ அதுதான் கைமாறும். சுட்ட கருவாடு, மோர்மிளகாய், சின்ன வெங்காயம், மாங்காய்க் கீற்று. வரிசையின் ஒரு முனையில் கிளம்பினால் மறுமுனை வரைக்கும் போகும். வந்ததில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தன்னுடையதைப் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்ட வேண்டும். வேண்டாம் என்று தாண்டிவிட்டால், அது கருவாட்டை வேண்டாம் என்பது ஆகாது. கொடுத்தவளை வேண்டாம் என்பது ஆகும். அப்படி ஒரு வெங்காயத்தைத் தாண்டிவிட்டு ஒரு வருஷம் பேச்சில்லாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அம்மா யாரையும் தாண்டவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு வேலி ஓரமாகப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அது இன்னும் மோசம்.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். ஒரு சனிக்கிழமை அம்மா வேலை முடிந்து வந்ததும் தூக்கைத் திறந்து, காலையில் ஊற்றிக்கொண்டு போன கூழை அப்படியே பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் கொட்டுவதைப் பார்த்துவிட்டேன். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். விடாமல் கேட்டதில் சொன்னாள்.

“மேல் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு பருக்க பூந்துக்கினா போதும், உசுரு போவுது பாப்பா. கருவாடுன்னா முள்ளு. மொளகான்னா வெத. பல்ல கழட்டிட்டா எதயும் கடிக்க முடியல.”

“டாக்டர்கிட்ட சொல்றதுதான? போனப்பலாம் வலிக்குதாமான்னு கேட்டாரே?”

“உன் மொத சம்பளம்டி அது. குத்துதுன்னு சொன்னா நல்லா இருக்குமா?”

“அப்ப கூட்டத்துல இருக்கறவங்ககிட்டயாவது சொல்லேன்.”

“வேணவே வேணாம். ஊரெல்லாம் பல்லக் காட்டிக்கினு திரிஞ்சவ, இப்ப பொக்க வாயோட மென்னுக்கினு குந்தியிருக்கான்னு சிரிப்பாளுங்க. நீயும் எவகிட்டயும் சொல்லக்கூடாது.”

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் குழாயடியில் பெரியம்மா கேட்டது. எனக்குக் காரணம் தெரியும், வாயைத் திறக்க முடியாது. அம்மாவுக்கு வலி. பெரியம்மாவுக்கு ஆத்திரம். வேலையில் யாரையும் யாரும் தள்ளிவைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு வரிசையில் இடம் போனால் அடுத்து பேச்சு போகும். பேச்சு போனால், நான் மலைக்கு ஏறிப்போன பிறகு அம்மாவுக்கு அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

கூட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. முதலில் அவள் வயிற்றைப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

வெள்ளிமலையில் என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் ஆசிரியை செங்கல்பட்டுக்காரி. படுக்கப் போகும்முன் ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி அதில் சியா விதையைப் போட்டுக் கலக்கி மூடிவைப்பாள். காலையில் அது கெட்டியாகி இருக்கும். மேலே வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். மலையில் காலைக் குளிரில் அடுப்புக்கு முன்னால் நிற்பதைவிட இது சுலபம். எனக்கும் பழகிவிட்டது. மத்தியான மணி அடிக்கும் வரைக்கும் பசி எட்டிப் பார்க்காது. மெல்லவும் வேண்டாம். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை அவளிடம் கொஞ்சம் விதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அம்மா உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். “ரோஸ்மில்க்ல போடுவாங்களே, அந்த வெதையா?”

“அது சப்ஜா. இது வேற ம்மா.”

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. பேரு மட்டும் ஜாஸ்தி ஆயிடுச்சி.”

காலையில் ஊறியதை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கரண்டி சாப்பிட்டாள். இரண்டாவது கரண்டியில் தாடை நின்றுவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வாய்க்குள் விரலை விட்டாள். பிறகு வாசலுக்குப் போய், பல் செட்டைக் கழற்றி, ஈறில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு விதைகளை விரலால் வழித்து வழித்துக் கொப்பளித்தாள். வந்து உட்கார்ந்து, “நல்லாத்தான் இருக்குது. நீ துன்னு,” என்றாள். அம்மா ஒன்றை வேண்டாம் என்று சொல்லும் விதம் அதுதான்.

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விதை விதையாக இருப்பதால்தானே குத்துகிறது? எங்கள் வீட்டில் அரசாங்கம் கொடுத்த மிக்சி ஒன்று இருக்கிறது. என்றைக்காவது சட்னி அரைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. மிச்சத்தை அதில் போட்டு ஓட்டினேன். முதலில் விதைகள் ஒன்றும் ஆகாமல் சுற்றிச் சுற்றி வந்தன. நிறுத்தி, ஜாடியின் ஓரத்தை வழித்துவிட்டு, மறுபடி ஓட்டினேன். ஜாடி சூடாகும் வரை விடவில்லை. திறந்து பார்த்தால் ஒரு விதைகூடக் கண்ணில் படவில்லை. சாம்பல் நிறத்தில் வழவழவென்று தயிர் மாதிரி நின்றது. ஒரு வாழைப்பழமும் வெல்லமும் போட்டு இன்னொரு சுற்று.

அம்மா பல் செட் இல்லாமலேயே குடித்தாள். “வழுக்கிக்கினு எறங்குது,” என்றாள். இன்னொரு வாய் குடித்துவிட்டு, “ஆனா சப்புனு இருக்குது.”

சொல்லிவிட்டு எழுந்து போய், மூலையில் இருந்த பையிலிருந்து ஒரு கை மல்லாட்டையை அள்ளினாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் கூலியோடு கொடுத்தது, தொடாமல் கிடந்தது. அம்மாவுக்கு மல்லாட்டை என்றால் உயிர். நான் சின்னவளாக இருக்கும்போது மடியில் கட்டிக்கொண்டு வேலை நேரமெல்லாம் கொறித்துக்கொண்டே இருப்பாள். பல் போனதோடு அதுவும் போனது. வாணலியில் வறுத்து, தோலைக் கசக்கி ஊதிவிட்டு, என் கையில் கொடுத்தாள். முதலில் அதை மாவாக அரைத்து, அப்புறம் அந்தச் சாம்பல் நிறக் குழம்போடு சேர்த்து ஓட்டினேன்.

குடித்துவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“மல்லாட்ட,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டம்ளரைக் கழுவ எடுத்தபோது அடியில் விரல் விட்டு வழித்திருந்தது தெரிந்தது.

அடுத்த வாரம் கள்ளக்குறிச்சியில் இறங்கி, பெரிய கடையில் ஒரு பெரிய பாக்கெட்டாக வாங்கிவந்தேன். நான் இல்லாத நாட்களிலும் அவளே செய்துகொள்ளட்டும் என்று எண்ணம். மலையிலிருந்து இறங்கிய களைப்பில் பாக்கெட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அரிப்பதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் சாமையிலும் கேழ்வரகிலும் களத்து மண்ணும் குறுணிக் கல்லும் சேர்ந்தே வரும். தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தைச் சுழற்றிச் சுழற்றி, மேலே மிதந்து வரும் தானியத்தை இன்னொரு பாத்திரத்துக்குத் தள்ள வேண்டும். கல் அடியில் தங்கிவிடும். அரிக்காமல் எங்கள் வீட்டில் எந்தத் தானியமும் அடுப்புக்குப் போனதில்லை. பல் செட் கட்டியபிறகு, கல்லைக் கடித்துத் தொலைத்துவிடுவோமோ என்று அம்மா இன்னும் பயந்து பயந்து அரிப்பாள்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது.

“பாப்பா! எழுந்திருடி! உன் வெத தண்ணிய குடிச்சிக்கினே இருக்குது!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா முழங்கை வரைக்கும் வழவழப்பாக நின்றுகொண்டிருந்தாள். முன்னால் குண்டான், அதற்குப் பக்கத்தில் இன்னொரு குண்டான். இரண்டிலும் சியா பொங்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் காலி பாக்கெட்.

“இன்னா ம்மா பண்ண?”

“நீ தூங்கிக்கினு இருக்கியே, அரிச்சி வெச்சிடலாம்னு பாத்தேன். கல்லு அடில நிக்கும்னு பாத்தா, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு மெதக்குது. கெட்டியா இருக்குதேன்னு இன்னும் தண்ணி ஊத்தனேன். அதையும் குடிச்சிடுச்சி. பாத்திரம் பத்தலன்னு இதுல மாத்தனேன். இதுலயும் ஊத்தனேன்…”

“பாக்கெட்ல வர்ற வெதைல கல்லு ஏதும்மா?”

“கல்லு இல்லாத தானியம் ஏதுடி? இல்லன்னு நீ சொன்னியா?”

சொல்லவில்லைதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு முதலில் அழுகை வரப்பார்த்தது. பிறகு அவளும் அந்தக் கையோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நெற்றியிலும் அது ஒட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

சிரித்து முடித்த பிறகு குண்டான்கள் அப்படியே இருந்தன. வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வெயில் ஏறினால் புளித்துப்போகும்.

“பக்கத்து வூட்டு மாட்டுக்கு வெச்சிடலாமா?” என்றேன்.

“மாடு மோந்து பாத்துட்டு என்னத்தான் பாக்கும். துன்ற பொருளக் கொட்டக்கூடாதுடி.”

“அப்ப கூட்டத்துக்கு எடுத்துக்கினு போலாம்.”

அம்மாவின் முகம் மாறியது. “சிரிப்பாளுங்க.”

“இப்ப நாம சிரிக்கலையா? சிரிக்கட்டும்.”

கையில் ஒட்டியிருந்ததைக் குண்டானிலேயே வழித்துவிட்டாள். பிறகு, “அப்ப நீயும் வா,” என்றாள்.

ஆசிரியை ஆனபிறகு நான் கொல்லை வேலைக்குப் போனதில்லை. போகக்கூடாது என்று அம்மாதான் சொல்லியிருந்தாள். இப்போது அவளே கூப்பிடுகிறாள். அப்பாவின் பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டேன். அம்மா மல்லாட்டையை வறுக்க உட்கார்ந்தாள், நான் மிக்சிக்கு முன்னால். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைக்க வேண்டியிருந்தது. நடுவில் மிக்சியிலிருந்து கருகல் வாடை வந்தது, ஆறவிட்டோம். எதிர்வீட்டில் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கேட்டு வாங்கிவந்தாள். வெல்லம் தீர்ந்துபோய் இன்னும் கொஞ்சம் வாங்க நான் ஓடினேன். வாசலில் பெரியம்மா, “இன்னும் கிளம்பலியாடி?” என்று கத்திவிட்டுப் போனாள். பெரிய தூக்கிலும் ஒரு குண்டானிலும் ஊற்றி மூடி, துணியால் கட்டி, கூட்டத்துக்குப் பின்னாலேயே ஓடினோம்.

அன்றைக்கு மரவள்ளிக் கொல்லையில் களை. செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. குனிந்தால் வெயில் முதுகில் மட்டும் படும். என்னைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருத்தி, “டீச்சரு, எங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்க வந்தியா?” என்றாள். இன்னொருத்தி, “இல்லடி, அரசாங்கம் சம்பளத்த கம்மி பண்ணிட்டாங்க,” என்றாள். பெரியம்மா எனக்கு ஒரு வரிசையைக் காட்டினாள். எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. எல்லாரும் கொல்லையின் அந்த முனைக்குப் போய்த் திரும்பும்போது நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பொழுது ஏறியது. வரப்பில் வரிசை உட்கார்ந்தது. அம்மாவின் கால் தானாக வேலிப் பக்கம் போனது.

நான் பெரிய தூக்கையும் குண்டானையும் கொண்டுபோய் வரிசைக்கு நடுவில் வைத்தேன். “ம்மா, யாருக்கு எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. நீதான் வந்து ஊத்தணும்,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன்.

அம்மா நின்றாள். திரும்பிப் பார்த்தாள். வந்தாள்.

மூடியைத் திறந்ததும் தலைகள் எட்டிப் பார்த்தன.

“இன்னாடி இது, வூடு பூசுன மிச்சமா?”

“சிமெண்ட்ட கரைச்சி எடுத்தாந்துட்டா.”

“மல வெதையாம். வெள்ளிமலைலருந்து வந்துருக்குது.”

“மலைல ஏதுடி? கள்ளக்குறிச்சி கடைல வாங்கனது,” என்றாள் அம்மா. “அரிக்கக்கூடாதாம். நான் அரிச்சிட்டேன். அரிச்சா இப்படி ஊரு பொங்கலாட்டம் பொங்கிக்கினு நிக்குது.”

தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்த கதையை அவள் சொல்லச் சொல்ல வரிசை முழுக்கச் சிரிப்பு. சொல்லிக்கொண்டே தூக்கு மூடிகளில் ஊற்றினாள். முதல் மூடி பெரியம்மாவுக்கு. பெரியம்மா அதை முகர்ந்து பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“இதுக்குக் கடிச்சிக்க இன்னா?”

“கடிச்சிக்க ஒண்ணும் வேணாம்க்கா,” என்றாள் அம்மா.

பெரியம்மா ஒரு வாய் குடித்தாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். “மல்லாட்ட போட்டுருக்கா,” என்றாள். மூடியை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டாள். அப்புறம் எல்லாரும் குடித்தார்கள். அன்றைக்குக் கருவாட்டுப் பொட்டலமும் பிரியவில்லை, வெங்காயமும் நசுங்கவில்லை. வரிசையில் ஒருத்தியும் எதையும் மெல்லவில்லை. அம்மா நடுவில் உட்கார்ந்து அவர்களோடு குடித்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் அவள் சாப்பிட்டு நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

“சிமெண்ட்டு நல்லாத்தான்டி இருக்குது. இன்னும் ஒரு சட்டி ஊத்து, உள்ள பூசிக்கறேன்,” என்று ஒருத்தி மூடியை நீட்டினாள்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். முழு வாயையும் திறந்து. உடனே கை வாய்க்குப் போனது. அவசரத்தில் பல் செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அடுப்படியில், டம்ளர் தண்ணீரில் அது கிடந்தது.

பெரியம்மா கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள்.

“பல்லு எங்கடி?” என்றாள் பெரியம்மா.

“வூட்ல க்கா.”

“ஏன் போட்டுக்கினு வரல?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குண்டானைப் பார்த்தேன். கையை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள். “குத்துதுக்கா. ஒரு பருக்க உள்ள போனா உசுரு போவுது. நீ கருவாடு குடுத்தா என்னால கடிக்க முடியல. வேணாம்னு சொன்னா கோச்சிக்குவ. அதான்…”

“அதான் வேலியப் பாத்துக்கினு குந்திக்கினியா?”

அம்மா தலையசைத்தாள்.

“அடிப்பாவி! என் கருவாடு உனுக்கு நாறுதுன்னு நெனச்சிக்கினு, நான் கருவாடு சுடறதயே வுட்டுட்டேன்டி! வெறும் மோர்மொளகாயா துன்னு துன்னு எனுக்கு வாயெல்லாம் புண்ணு. கையை எடு. பொக்க வாய யாரு பாக்காதது? எம் மாமியாளுக்கு இல்லாத பொக்க வாயா?”

சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளின் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். ஒரு கருவாட்டை எடுத்து முள்ளை உருவி எறிந்தாள். மிச்சத்தை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துத் தூளாக்கினாள்.

“இனிப்புல கருவாடா க்கா?” என்றாள் அந்தப் பக்கம் இருந்தவள்.

“கூழு ஊத்துடி அவளுக்கு, நின்னுக்கினு பாக்கற.”

அவள் தன் தூக்கிலிருந்து அம்மாவின் மூடியில் கூழ் ஊற்றினாள். ஒருத்தி கூழை இன்னொருத்திக்கு ஊற்றி நான் அங்கே பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியம்மா அதன்மேல் கருவாட்டுத் தூளைத் தூவினாள்.

“முழுங்கு,” என்றாள்.

அம்மா குடித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. காரம் என்றாள். கருவாட்டில் காரம் இல்லை, அது எல்லாருக்கும் தெரியும்.

குழாயடியில் வைக்கிறேன் என்று சொன்னதை வைத்துக் காட்டிவிட்டேன், பெரியம்மா ஏதாவது சொல்வாள் என்று நானும் கொஞ்ச நேரம் அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். “டீச்சரு, உன் வரிசைல பாதி களை அப்படியே நிக்குது. போய் முடி,” என்றாள்.

அதற்கு அடுத்த வாரக் கடைசியில் அம்மாவைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன். பல் டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே, “குத்துது சார்,” என்றாள். எங்கே என்று கேட்டார். அம்மா விரலை விட்டு இங்கே, இங்கே, அப்புறம் இந்த ஓரம் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். அவர் அந்த இடங்களையெல்லாம் ராவிக் கொடுத்துவிட்டு, முதல் தடவையே சொல்லியிருக்கலாமே என்று என்னைப் பார்த்தார். “அவளுக்குத் தெரியாது சார்,” என்று அம்மா பொய் சொன்னாள். இன்னும் ஒன்றிரண்டு தடவை வர வேண்டும், அதுவரைக்கும் கெட்டியாக எதையும் கடிக்காதீர்கள் என்றார். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டாளா என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வெள்ளிமலைக்கு அம்மாவை எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். வந்து ஒருநாள் தங்கிவிட்டுப் போ, நான் பாடம் நடத்துகிற இடத்தைப் பார் என்று. ஒவ்வொரு முறையும் அடுத்த மாசம் என்பாள். அங்கே ஆசிரியைகள் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் மத்தியானம் சாப்பிடுவோம் என்று நான்தான் ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருந்தேன். வராததற்கு அதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

அன்றைக்குப் பல் டாக்டரிடம் கிளம்பும்போதே ஒரு மாற்றுச் சேலையும், ஒரு சுருக்குப் பை நிறைய வறுத்த மல்லாட்டையும் எடுத்துக்கொண்டாள். டாக்டரிடமிருந்து பேருந்து நிலையத்துக்கு வந்ததும், எங்கள் ஊர்ப் பேருந்து நின்றிருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. வெள்ளிமலை வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

செங்கல்பட்டுக்காரிக்கு ஃபோன் போட்டேன். வண்டி மலைப் பாதையில் ஏறிவிட்டால் வெள்ளிமலை வரும்வரை சிக்னல் கிடைக்காது. “இன்னிக்கு ராத்திரி மூணு பேருக்கு ஊற வெச்சிடுங்க,” என்றேன்.

அம்மா என் கையைத் தட்டினாள். “உங்க மிக்சி நல்லா அரைக்குமா?”

“நல்லா அரைக்கும்.”

“வெதைய அரிக்க வேணாம், இல்ல?”

“வேணாம் ம்மா.”

வண்டி கிளம்பியது. கண்டக்டர் எங்கள் பக்கம் வந்தபோது, எப்போதும் சொல்வது மாதிரி ஒன்று என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, “ரெண்டு வெள்ளிமலை,” என்றேன். கிழித்துக் கொடுத்த இரண்டு டிக்கெட்டையும் அம்மா வாங்கி, மல்லாட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக் கயிற்றை இழுத்துச் சுருக்கினாள்.